மழைக்குப் பாதிக் கழிவு

ஒட்டன்சத்திரம் சந்தையில் மழைக்கும் கழிவு உண்டு. மூட்டைக்கு மண், ஈரம், அழுகல் என்று எடையில் கழிப்பது எல்லா ஊர் மண்டியிலும் நடப்பதுதான். நாங்கள் மலைக்காரர்கள் போனில் சொல்லும் மழையிலும் பாதியைக் கழித்துவிடுவோம். "பேய் மழைங்க, காட்டுல கால் வைக்க முடியல" என்று ஒருவர் சொன்னால், அங்கே தூறல் போடுகிறது, அவருக்கு நாளை உருளைக்கிழங்கு விலை ஏற வேண்டும் என்று அர்த்தம். "மழையா, மருந்துக்குக்கூட இல்லைங்க, சரக்கு காஞ்சு கெடக்கு" என்றால் ஈரச் சாக்கு வருகிறது என்று அர்த்தம். இதில் யாரும் யாரையும் பொய்யர் என்று நினைப்பதில்லை. அவர்கள் கூட்டிச் சொல்வார்கள், நாங்கள் கழித்துக் கேட்போம், தொழில் நடக்கும்.

எங்கள் கமிஷன் கடையில் ஏலம் விடுவது என் வீட்டுக்காரர். மலையோடு போனில் பேசுவது நான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்களில் யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் மகள் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்த ஊர்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கொடைக்கானலுக்குப் போயிருக்கிறேன். கல்யாணமான புதிதில், பஸ்ஸில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அன்றைக்கே இறங்கிவிட்டோம், ஏனென்றால் மறுநாள் ஏலம். சந்தைக்காரர்களைப் பொறுத்தவரை ஊர் சுற்றுவது அடுத்தவர்கள் செய்கிற சோலி.

பூம்பாறையில் எங்களுக்கு நெடுநாளாகச் சரக்கு அனுப்பும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பூண்டு வேறு சந்தைக்குப் போய்விடும். உருளையும் கேரட்டும் எங்களுக்கு. என்னை "ஆத்தா" என்பார், என் வீட்டுக்காரரை "மொதலாளி" என்பார். பேச்சை முடிக்கும்போதெல்லாம் "ஒருக்கா எங்க ஊருக்கு வாங்க ஆத்தா" என்பார். நானும் "வர்றேண்ணே" என்பேன். அது நலம் விசாரிப்பதைப் போல ஒரு வழக்கம். போன வருடம் ஒரு நாள் வாய் சும்மா இராமல், "ஆயுத பூஜை லீவுக்கு வர்றேண்ணே, என் பைக்குலயே வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

"மொதலாளி பின்னாடி உக்காந்தா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. நானே ஓட்டிட்டு."

சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் போனை வைத்த பிறகு ஒரு வியாபாரியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

பைக் என்று நான் சொன்னது என் மகன் விட்டுவிட்டுப் போனது. அவன் வேலைக்கு வெளியூர் போனதும் அது வாசலில் உறை போட்டு நின்றது. "வித்துரலாம்" என்றார் இவர், என் வீட்டுக்காரர். "நான் ஓட்டுறேன்" என்றேன். இத்தனை காலம் ஸ்கூட்டர் ஓட்டியவள் கியர் வண்டி ஓட்ட முடியாதா? சந்தைக்கு விடுமுறை விடும் நாட்களில் காலியாகக் கிடக்கும் வளாகத்தில்தான் பழகினேன். காலி என்றால் ஆள்தான் இல்லை. நசுங்கிய தக்காளியும் முட்டைக்கோஸ் இலையும் தரையெங்கும் கிடக்கும். அதில் பிரேக் பிடிக்கப் பழகினால் எங்கும் பிடிக்கலாம். இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை விழுந்தது முட்டைக்கோஸ் குவியலில் என்பதால் அது கணக்கில் வராது.

பயணம் என்று பேச்சு எழுந்ததும் என் கொழுந்தன் வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரின் தம்பி, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். மலை ரோடு எல்லாம் தன் பேரில் பத்திரம் பதிந்தது என்ற நினைப்பு அவருக்கு.

"மதினி, நம்ம ஊரு ரோட்டுல ஓட்டுறது வேற, கொண்டை ஊசி வளைவுல ஓட்டுறது வேற" என்றார்.

"வளைவுல வண்டியைத் திருப்பணும், அவ்வளவுதான தம்பி?" என்றேன்.

பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. நான் பைக்கில் போகலாம். இவர் காரை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார், கொழுந்தனும் காரில் வருவார். ஆனால், "ஒரு சொட்டு மழை விழுந்தாலும் நீ காருக்கு வந்துரணும். வண்டியைத் தம்பி ஓட்டிட்டு வருவான்" என்றார் இவர். அதில் அவர் இம்மியும் இறங்கி வரவில்லை. பூம்பாறைப் பெரியவர் முன்னால் கொழுந்தன் என் பைக்கை ஓட்டிக்கொண்டு போய் நிற்க, நான் கார்க் கதவைத் திறந்து இறங்குவதா? அதற்கு வீட்டிலேயே கிடக்கலாம். என் மொத்தப் பயணமும் ஒரு சொட்டுத் தண்ணீரில் வந்து நின்றது.

ஆயுத பூஜை சமயத்தில் வானத்தை யாரால் கணிக்க முடியும்? தென்மேற்கு போயும் போகாமல், வடகிழக்கு வந்தும் வராமல் இருக்கும் நேரம். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், மத்தியானம் இடி இடிக்கும். எந்த வழியாகப் போவது என்பதே பெரிய பிரச்சினை ஆனது. தொடர் விடுமுறை என்பதால் வத்தலக்குண்டு மலைப்பாதையில் பாதித் தமிழ்நாடு நிற்கும். பழனி வழியில் சாமி கும்பிட்டுவிட்டு மேலே ஏறுகிற கூட்டம். நான் வடகாடு, பாச்சலூர், தாண்டிக்குடி வழி என்றேன். ஒடுக்கமான ரோடு, ஆனால் கூட்டம் இருக்காது. அந்த ரோட்டில் பின்னால் வரும் கார் முன்னால் போகும் பைக்கை முந்த முடியாது என்பதை யோசித்தா அந்த வழியைத் தேர்ந்தெடுத்தாய் என்று பிற்பாடு என்னைக் கேட்டார்கள். சத்தியமாக அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்னை நானே மெச்சியிருப்பேன்.

ஒரு வாரம் முழுக்க வானிலை விசாரித்தேன். கொடைக்கானலில் நாங்கள் அறை பேசியிருந்த விடுதிக்காரர், "சூப்பர் கிளைமேட் மேடம், லைட்டா மிஸ்ட், அவ்வளவுதான்" என்றார். அறை வாடகையில் பாதியை முன்பணமாக வாங்கியவர் வேறு என்ன சொல்வார்? பாச்சலூர் வாழைக்காய் வியாபாரி, "வர்ற மாதிரி இருக்கும், வராது" என்றார். லாரி டிரைவர் ஒருவர், "ரோடு போற வரைக்கும் போகும்க்கா" என்றார். கொழுந்தனின் செல்போனில் வானிலை சொல்ல மூன்று செயலிகள். மூன்றும் மூன்று விதம். ஒன்று தீபாவளி வரை எல்லா நாளுக்கும் ஒரே மேகத்தையும் மூன்று சொட்டையும் போட்டு வைத்திருந்தது. மலையைப் பற்றி யார் வானிலை சொன்னாலும் அதில் அவரவர் பிழைப்பு கலந்திருக்கும் என்பது சந்தைக்காரியான எனக்குத் தெரியாததா? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, போகலாம் என்று முடிவு செய்தேன்.

பூஜை அன்று மாலை கடையில் தராசுக்கும் எலெக்ட்ரானிக் மிஷினுக்கும் சந்தனம் வைத்து, பைக்குக்கும் பொட்டு வைத்து மாலை போட்டோம். பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியவர் போன் செய்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆத்தா, நாளைக்கு வராதீங்க. ரெண்டு நாளா காத்து சரியில்ல. நாளைக்கு உச்சிப் பொழுதுக்கு மேல கொட்டிரும். மரம் கிரம் விழுகும், ரோடு நிக்காது. இன்னொரு நாளைக்கு வாங்க."

போனை வைத்ததும் இவர் சிரித்தார். "உருளை லோடு கட்டி வச்சிருக்காரு. வெலை ஏறணும்ல?"

"பாதியைக் கழிங்கண்ணே" என்றார் கொழுந்தன்.

நான் விடவில்லை. "பாதியைக் கழிச்சா தூத்தல்தான் மிச்சம். தூத்தலுக்கெல்லாம் நான் வண்டியைக் குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"தூத்தல்னா ஓட்டு" என்றார் இவர், பொரியை மென்றுகொண்டே. ஒரு சொட்டாக இருந்த நிபந்தனை தூறலாகத் தளர்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏலமே இல்லாத மறுநாளுக்கு ஒரு மனிதர் எதற்காக விலை ஏற்றப் போகிறார் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பழக்கம் அப்படி.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். சுடிதாருக்கு மேல் மகனின் பழைய ஜெர்க்கின், அதற்கு மேல் மழைக்கோட்டு. வடகாட்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முதல் வளைவில் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது வளைவில் கொஞ்சம் அடங்கியது. அப்புறம் எனக்குள் ஒரு திமிர் வந்து உட்கார்ந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, வண்டியைச் சாய்த்து, மறுபடி ஏற்றும்போது இன்ஜின் உறுமும் சத்தம் எனக்காகவே உறுமுவதாகப் பட்டது. பாச்சலூரில் நல்ல வெயில். டீ குடித்தோம். "பாத்தீங்களா, உங்க பெரியவரு சொன்ன மழையை?" என்றார் கொழுந்தன். எல்லோரும் சிரித்தோம். அங்கேயே படம் எடுப்பதும் பேசுவதுமாக நேரம் போய்விட்டது.

தாண்டிக்குடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மலை இருட்டியது. ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு சொட்டு. தூறல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வளைவில் அது தூறல் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தது. முதல் ஹாரன் எனக்குக் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. ஒரு பக்கம் காப்பித் தோட்டச் சரிவு, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற ரோடு. கார் முந்த வழியில்லை. நான் நிற்கவில்லை.

தாண்டிக்குடிக் கடைத்தெருவில் நின்றிருக்கலாம். அங்கேயும் நிற்காமல் போனேன். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பண்ணைக்காட்டைத் தாண்டியபோது மழை வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டியது. மேட்டிலிருந்து செந்தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடியது. பயந்தேனா என்றால், ஆமாம், நன்றாகவே பயந்தேன். "விழுந்தாலும் நானே விழுறேன், விழுந்தாலும் நானே விழுறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல். பின்னால் ஹாரன் சத்தம் நின்று போயிருந்தது. திரும்பிப் பார்த்தேன், கார் விளக்கு இரண்டும் ஒரு சீரான தூரத்தில் வந்துகொண்டிருந்தன.

ஊத்து என்ற இடத்தில் ரோடு பிரிவதற்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. இரண்டு ஜீப்பும் ஒரு வேனும் நின்றுகொண்டிருந்தன. தோட்டத்து ஆட்கள் சிலர் கையில் மரம் அறுக்கும் வாளை வைத்துக்கொண்டு மழை குறையட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். நான் நிறுத்தினேன். வேறு வழியில்லை. இவர் குடைகூட எடுக்காமல் காரிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏன் நிக்கல?"

"நிக்க எடமில்ல."

"தாண்டிக்குடியில பஸ் ஸ்டாப்பே இருந்துச்சு!"

"அது பஸ்ஸு நிக்கிற எடம்."

வாளோடு நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, "அக்கா, பைக்கு அந்த ஓரமாப் போயிரும். காரு போக சாயங்காலம் ஆகும்" என்றார். மரத்தின் கிளைப் பக்கம், மேட்டை ஒட்டி, வண்டியின் அகலத்துக்குச் சேறாக ஒரு சந்து இருந்தது.

கொழுந்தன் சாவிக்குக் கை நீட்டினார். உடன்பாடு உடன்பாடுதான், மழை பெய்கிறது. சாவியைக் கொடுத்தேன். அவர் அந்தச் சந்துக்குப் போய் ஒரு காலை வைத்துப் பார்த்தார். ஷூ கணுக்காலுக்கு மேல் புதைந்தது. காலை உருவிக்கொண்டு, சேற்றையும் பார்த்து, கீழே பள்ளத்தையும் பார்த்து, சாவியை என்னிடமே கொடுத்தார். "மதினி, நான் காரைப் பாத்துக்கிறேன்" என்றார். அந்த நேர்மைக்காக அவர் மலை ரோட்டைப் பற்றிச் சொன்ன அத்தனையையும் மன்னித்தேன்.

இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து நகர்த்தினேன். பின்சக்கரம் ஒரு தடவை வழுக்கி, பிடித்துக்கொண்டது. எங்கள் சந்தைத் தரையைவிட இது மோசமில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிறுத்தியபோது வேன் டிரைவர் விசிலடித்தார்.

இவர் கார் நின்ற பக்கமே நின்றார். "போதும். திரும்பி வந்துரு, ஊருக்கே போயிரலாம்" என்றார். கோபம் இல்லாமல், களைத்துப்போய்ச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். இதற்கு உண்மையைத்தான் சொல்ல முடிந்தது.

"திரும்ப மாட்டேங்க. அந்த ஊர்க்காரங்ககிட்ட பாதி வயசு போன்லயே பேசிட்டேன். ஒரு தடவையாவது நானாப் போய் அவங்க முன்னால நிக்கணும். யாரும் என்னக் கூட்டிட்டுப் போகாம, நானாப் போகணும். நீங்க வராட்டியும் போவேன்."

இவர், வண்டி ஓட்டுவதற்கென்று கொழுந்தன் கொண்டுவந்திருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கிளைகளுக்கு அடியில் குனிந்து, முதுகெல்லாம் சேறு அப்பிக்கொள்ள இந்தப் பக்கம் வந்தார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "போ" என்றார்.

முதல் நான்கைந்து வளைவுக்கு, "செகண்ட் போடு, ஹாரன் அடி, இடது பக்கம், இடது பக்கம்" என்று காதில் ஓதிக்கொண்டே வந்தார். மெல்ல மெல்ல ஓதுவது குறைந்து, பெருமாள்மலை வரும்போது நின்றே போயிற்று. அங்கே ஊர்ப்பட்ட கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. கண்ணாடிக்குள் பிள்ளைகள் அழுதார்கள், பெரியவர்கள் முறைத்தார்கள். நாங்கள் ஓரமாகப் போனோம். "அந்தச் சந்துல வுடு, எடம் கெடக்கு! வெரசா போ!" என்று இவர் என் தோளைத் தட்டினார். அவர் இவ்வளவு சந்தோஷமாகக் கத்தி நான் பார்த்ததில்லை. கொடைக்கானல் ஏரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

பூம்பாறை ரோட்டில் மேகம் இறங்கி ஹெட்லைட் வெளிச்சம் சக்கரத்துக்கு முன்னாலேயே நின்றது. மனிதன் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். ஒரு திருப்பத்தில் மழை சட்டென்று விட்டது. மேகம் விலகி, சரிவு முழுக்கப் படிப்படியாக வயல்கள், நடுவில் வீடுகள். எத்தனையோ முறை காதால் கேட்ட ஊர். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த டீக்கடை முன்னால் நிறுத்தி இருவரும் இறங்கினோம். கம்பளியைத் தலையோடு போர்த்தி நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் முன்னால் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நான்தாண்ணே" என்றேன். அந்தக் குரல் போதும். "ஏ ஆத்தா!" என்று இரண்டு கையையும் கூப்பினார். "மழைன்னு சொன்னேன்ல? ஏன் வந்தீங்க?"

"நீங்க எப்பவும் சொல்றதுதானேன்னு பாதியைக் கழிச்சுட்டோம்ணே" என்றேன்.

"எங்களுக்குத் தெரியாதா நீங்க கழிப்பீங்கன்னு? வெலைக்குச் சொல்றது வேற ஆத்தா, ஆளுக்குச் சொல்றது வேற" என்றார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது, ஆனால் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யாரோ இரண்டு கம்பளிகளையும் டீயையும் கொண்டுவந்து நீட்டினார்கள். போனில் எனக்குத் தெரிந்த குரல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக முகத்தோடு வந்து சேர்ந்தன.

பெரியவர் இவர் பக்கம் திரும்பினார். "இந்த மழையில ஆத்தாளையும் பின்னாடி வச்சுக்கிட்டு எப்பிடித்தான் ஓட்டிட்டு வந்தீங்களோ மொதலாளி!"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், சந்தையில் விலை சொல்லுகிற அதே உரத்த குரலில், டீக்கடைக்கு உள்ளே இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"நான் எங்க ஓட்டுனேன்? ஒட்டன்சத்திரத்துல இருந்து முழுக்க இவதான் ஓட்டிட்டு வந்தா. பாதி வழி நான் காருக்குள்ள உக்காந்து ஹாரன் அடிச்சேன். மீதி வழி இவளப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காந்து வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் பைக்கைப் பார்த்தார், சேறு அப்பியிருந்த என் காலைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மழை விட்டிருந்ததால் அது கண்ணீர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரியட்டும்.